லீடரம்மாவின் இடப்பக்கம்

‘உங்க இஷ்டத்துக்கு வாசிங்க’ என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், சாவிக்காரருக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். இஷ்டம் என்று தமக்கு ஒன்று இருக்கிறதா, இருந்தால் அதை எங்கே வைத்தோம் என்று அவர் தேடத் தொடங்குவதற்குள் பாட்டு முடிந்து எல்லாரும் தேநீர் குடிக்கப் போயிருப்பார்கள்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தொழில் அப்படி. பழைய கட்டடம் ஒன்றின் மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கிற இடத்தில் அவர் கடை. ஒரு சாவியைக் கொண்டுவந்து கொடுத்தால் அச்சு அசலாக இன்னொன்று வெட்டித் தருவார். மெஷினில் இந்தப் பக்கம் மூலச் சாவியைப் பூட்டி, அந்தப் பக்கம் வெறும் சாவியைப் பூட்டி விட்டால், இது ஏறுகிற இடத்தில் அதுவும் ஏறும், இது இறங்குகிற இடத்தில் அதுவும் இறங்கும். மூலச் சாவியில் ஒரு பல் நசுங்கியிருந்தால் புதுச் சாவியிலும் நசுங்கியே இருக்கும். இதைக் கொஞ்சம் அழகாக்குவோமே என்று கையை வைத்தால் தொலைந்தது, பூட்டு திறக்காது. சொந்தமாக எதையும் சேர்க்காதே என்பதுதான் அந்தத் தொழிலின் முதல் பாடம். அதற்கு மேல் பாடமும் கிடையாது.

வீட்டில்தான் சங்கடம். அவர் மனைவி பகலெல்லாம் மருந்துக்கடையில் நின்று, டாக்டர்களுக்கே புரியாத டாக்டர் கையெழுத்தைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். மாலையில் ஒரு பாட்டுக் குழுவின் தலைவி. குழுவில் அவளுக்கு லீடரம்மா என்று பெயர். ஒத்திகை நேரத்தில் பெற்ற மகளே அப்படித்தான் கூப்பிடுவாள். மகள் கல்லூரியில் கணக்கு படித்துக்கொண்டு டிரம்ஸ் அடிப்பவள். லீடரம்மாவின் தம்பி டாக்ஸி ஓட்டுகிறவன், அவன் கையில் பேஸ் கிடார். சாவிக்காரருக்கு ரிதம் கிடார். பாட்டு தொடங்கினால் முடிகிறவரைக்கும் ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருப்பது. அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பாட்டுக்கு நடுவில் பாடகி மூச்சு வாங்கும்போது முன்னால் வந்து கம்பிகளை வளைத்து இழுத்து, கூட்டத்தை வாயைப் பிளக்க வைக்கிற லீட் வாசிப்பெல்லாம் குழுவிலிருந்த பல் டாக்டர் ஒருவரின் கையில் இருந்தது.

மேடையில் லீடரம்மாவுக்கு இடப்பக்கம், கொஞ்சம் பின்தள்ளி, அதுதான் சாவிக்காரரின் இடம். வாரம் முழுக்க அவர்கள் இருவரும் பேசுவது குழாய் ஒழுகுகிறது, சோப்பு தீர்ந்துவிட்டது, மகள் இன்னும் வரவில்லை, இந்த மூன்றைத்தான் திருப்பித் திருப்பி. அந்த இடத்தில் நின்றால் மட்டும் அவள் மூச்சை இழுப்பது அவருக்குக் கேட்கும். உச்சத்துக்குப் போவதற்கு முன்னால் அவள் கழுத்து நரம்பு புடைப்பது தெரியும். அப்போது தாமும் அவளும் ஒரே மூச்சில் எதையோ தூக்கிக்கொண்டு போவதுபோல் இருக்கும் அவருக்கு. உலகத்தில் வேறு எங்கேயும் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம் கிடையாது. இதை அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் நெற்றியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு ஒரு மாத்திரை கொடுத்திருப்பாள்.

இந்த நேரம் பார்த்துப் பல் டாக்டர் வேறு ஊருக்குக் கிளினிக்கை மாற்றிக்கொண்டு போய்விட்டார். அவர் போன கையோடு, பெரிய உணவு விடுதி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. சனிக்கிழமைதோறும் பாடலாம், ஆனால் அதற்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வந்து வாசித்துக் காட்ட வேண்டும் என்றார் மேனேஜர். கூடவே ஒரு நிபந்தனை. சாப்பிட வருகிறவர்களின் சௌகரியத்தைப் பொறுத்து அவர் கையைச் சுழற்றினால் பாட்டின் நடுப்பகுதியை நீட்ட வேண்டும், கையை இறக்கினால் உடனே முடிக்க வேண்டும்.

பல் டாக்டராக இருந்தால் பிரச்சினை இல்லை. நீட்டு என்றால் நீட்டுவார், நிறுத்து என்றால் நிறுத்துவார். எல்லாம் அப்போதைக்கப்போது கற்பனையில் வருவது. லீடரம்மா யோசித்துப் பார்த்து, இரவுச் சாப்பாட்டின்போது முடிவைச் சொன்னாள். பாங்கில் வேலை பார்க்கும் ஒருவரிடம் கீபோர்டு இருக்கிறது. ஒரு பொத்தானை அமுக்கினால் கிடார், இன்னொன்றை அமுக்கினால் புல்லாங்குழல். அவரைச் சேர்த்துக்கொள்ளலாம். அப்புறம் ரிதம் கிடாருக்கும் அவசியம் இருக்காது.

“நீங்க ஒயரு, ஸ்பீக்கர் எல்லாம் பாத்துக்கோங்க. அதுவும் முக்கியமான வேலதான்” என்றாள், மனசு நோகக் கூடாதே என்று.

சாவிக்காரர் பிய்த்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்தார். ஒயரும் ஸ்பீக்கரும் இருப்பது மேடைக்குக் கீழே, ஓர் ஓரத்தில். அங்கேயிருந்து பார்த்தால் அவள் தோள்பட்டை கூடத் தெரியாது.

“டாக்டர் எடத்துல நான் வாசிக்கிறேன்” என்றார்.

மகள் சிரித்ததில் தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. லீடரம்மா சிரிக்கவில்லை. அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிற ஆளில்லை என்று அவளுக்குத் தெரியும், அவருக்கு விளையாட்டே வராது. சரி, வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம், அதுவரை பாங்க்காரரிடம் எதுவும் முடிவாகச் சொல்லவில்லை என்றாள்.

சாவிக்காரர் தமக்குத் தெரிந்த வழியில் வேலையை ஆரம்பித்தார். பழைய கச்சேரி ஒன்றில், குழு வழக்கமாகப் பாடுகிற மழைப் பாட்டுக்குப் பல் டாக்டர் வாசித்த லீட், மகளின் போனில் பதிவாகியிருந்தது. அதை வாங்கிக்கொண்டுபோய்க் கடையில் வைத்து, வேகத்தைக் குறைத்துப் போட்டு, ஒவ்வொரு சுரமாகக் கேட்டு, கிடாரில் அது எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்தார். பிடித்த இடத்தை விடாமல் விரல் தேயத் தேய வாசித்தார். கம்பியை வளைத்துச் சுரத்தை மேலே ஏற்றுகிற இடங்களில் விரல் நுனி வெந்துபோன மாதிரி எரிந்தது. வெட்ட வந்த சாவிகள் வரிசையாகத் தொங்கின. ஆட்கள் வந்து, சாவி இன்னும் ஆகவில்லையா என்று கேட்டு, அவர் கிடாரும் கையுமாக இருப்பதைப் பார்த்து, நாளைக்கு வருகிறோம் என்று போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. கூடத்து சோபாவைச் சுவரோடு தள்ளிவிட்டு எல்லாரும் நின்றார்கள். மழைப் பாட்டில் இரண்டாம் சரணம் முடிந்ததும் லீடரம்மா மைக்கிலிருந்து விலகினாள். சாவிக்காரர் ஓர் அடி முன்னால் வந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஆதியோடு அந்தமாக வாசித்து இறக்கினார். ஒரு சுரம் பிசகவில்லை.

“டாக்டர் ஊர விட்டுப் போயிட்டாருன்னுல்ல நெனச்சேன்” என்றாள் லீடரம்மா.

அவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். மகள்தான் குச்சியை மடியில் வைத்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

“அப்பா, நடுவுல ஒரு எடத்துல டாக்டருக்குக் கை வழுக்கிடுச்சு. அது தப்பு. நீங்க அதையும் சேத்து வாசிக்கிறீங்க.”

“தப்புன்னு எப்படிச் சொல்ற? ஒரிஜினல்ல அப்படித்தான இருக்கு?”

லீடரம்மா அடுத்த சோதனைக்குப் போனாள். தன்னை மேனேஜராக நினைத்துக்கொண்டு, அவர் பாதி வாசித்துக்கொண்டிருக்கையில் கையை இறக்கிக் காட்டினாள். அவர் பார்த்தார். பார்த்துவிட்டுத் தொடர்ந்து வாசித்தார். அவள் பாட ஆரம்பித்தாள். அவர் அப்போதும் வாசித்துக்கொண்டிருந்தார். பாட்டும் கிடாரும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, பக்கத்து வீட்டில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டதற்கு, இன்னும் பாதி பாக்கி இருக்கிறதே என்றார். சரி, நீட்டுங்கள் பார்ப்போம் என்று அவள் கையைச் சுழற்றினாள். அவர் கடைசிவரைக்கும் போய், அங்கே ஒரு கணம் முழித்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். டாக்டரின் கை வழுக்கிய இடம் மறுபடியும் வந்தபோது மகள் டிரம்ஸ் மேல் குப்புறக் கவிழ்ந்துவிட்டாள்.

லீடரம்மா அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஸ்பீக்கர் ஒயர்கள் சிக்கிக் கிடப்பதைப் பார்த்து, அதற்கெல்லாம் ஒரு பெட்டி வாங்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மச்சினன் டாக்ஸியைக் கடைக்கு எதிரில் நிறுத்திவிட்டு இரண்டு தேநீரோடு வந்தான். அவன் அக்காவுக்குப் பயந்தவன், ஆனால் மாமாமேல் பாசம் உள்ளவன். வண்டி ஓட்டாத நேரத்தில் வாய் ஓடும். சாவிக்காரர் மனம்விட்டுச் சொன்னார்: பூட்டைப் பார்க்காமலே சாவி வெட்டு என்கிறார்கள், எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று எவன் சொல்லுவான், தாமாக ஒன்றை வெட்டி அது திறக்காவிட்டால் யார் முகத்தில் விழிப்பது என்று. மச்சினன் தேநீரை உறிஞ்சிவிட்டு ஆரம்பித்தான்.

“மாமா, நீங்க போற வழிய மனப்பாடம் பண்ணி வச்சிருக்கீங்க. அதான் வெனையே. நேத்து ஒரு ஆளு ஏறினாரு. வழக்கமா போற ரோட்டுல பள்ளம் தோண்டி வச்சிருக்கான். அய்யய்யோ வழி போச்சேன்னு வண்டிய அங்கயே போட்டுட்டு அழுதுகிட்டா இருந்தேன்? சந்துல விட்டேன். சந்துல ஒரு லாரி நிக்குது. ரிவர்ஸ் எடுத்து இன்னொரு சந்துல விட்டேன். அந்தாளு பாட்டுக்கு ஜன்னல்ல வேடிக்க பாத்துக்கிட்டு வந்தாரு. எங்க வேணா சுத்துங்க மாமா. கடைசியில வீட்டு வாசல்ல கொண்டுபோய் எறக்கி விட்டுடணும், அவ்ளோதான். பாட்டு கடைசியில வந்து நிக்கிற வீட்டுச் சுரம்னு ஒண்ணு இருக்குல்ல, அங்க.”

“வழி தெரியாத ஊரா இருந்தா?”

“மெதுவா ஓட்டுங்க. யாரு தொரத்துறா?”

இதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவன் போனபிறகு கிடாரை எடுத்தால் விரல் தானாக டாக்டரின் வழியிலேயே போனது.

அன்று மாலை மகள் ஒரு பயிற்சி கொடுத்தாள். மூன்றே மூன்று சுரங்கள். அதற்கு மேல் தொடக் கூடாது. முதலில் வாயால் பாட வேண்டும், பாடியதைத்தான் விரலில் எடுக்க வேண்டும். ஒன்றை வாசித்தால் கொஞ்சம் நிறுத்திவிட்டு அடுத்ததை வாசிக்க வேண்டும். சாவிக்காரர் மூன்று சுரத்தையே சந்து பொந்து விடாமல் அடைத்து அடைத்து வாசித்தார். சும்மா நின்றால் எங்கே தமக்கு ஒன்றும் தெரியாதென்று கண்டுபிடித்துவிடுவார்களோ என்று அவருக்குப் பயம்.

“பேசறப்ப மூச்சு விடுவீங்கல்லப்பா? அந்த மாதிரி விட்டு விட்டு வாசிங்க.”

“இந்த வீட்டுல என்னை எங்க பேச விட்டீங்கம்மா?”

மகளுக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் தாளம் தட்டிக்கொண்டு, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று வாங்கினாள்.

பாடச் சொன்னார்களே என்று அவர் கடையிலும் பாடினார். அவர் குரலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டாம். பீரோ சாவிக்காகக் காத்திருந்த ஓர் அம்மாள் ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பல்வலியைத் தள்ளிப்போடக் கூடாது, நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்டிவிடுங்கள் என்று அக்கறையோடு சொல்லிவிட்டுப் போனாள். நல்ல டாக்டர் ஊரைவிட்டுப் போனதால் வந்த வினைதான் இது என்று அவளிடம் எப்படி விளக்குவது?

வெள்ளிக்கிழமை நெருங்க நெருங்க அவருக்குத் தைரியம் போய்விட்டது. மூன்று சுரத்தை வைத்துக்கொண்டு மேனேஜர் முன்னால் நின்றால் மானம் கப்பலேறிவிடும் என்று தோன்றியது. யாருக்கும் தெரியாமல் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். டாக்டரின் லீடையே மூன்று அளவில் வெட்டி வைத்துக்கொண்டார். சின்னது, நடுத்தரம், பெரியது. கையை இறக்கினால் சின்னது. ஒன்றும் காட்டாவிட்டால் நடுத்தரம். கையைச் சுழற்றினால் பெரியது. மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாசிக்கும் அளவுக்கு உருப்போட்டார். கற்பனை என்பதை இப்படி முன்கூட்டியே தயார் செய்து வைத்த மனிதர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை, கடையில் கடைசியாக ஒரு முறை வாசித்துப் பார்த்தார். இரண்டாம் கம்பியில் ஓர் இடத்தில் அழுத்தி வளைக்கும்போது லேசாக ஒரு சிக்கல். கிடாரின் கழுத்தில் குறுக்கே வரிசையாக உலோகக் கட்டைகள் பதித்திருக்கும். அதில் ஒரு கட்டையில் பிசிறு தட்டியிருந்தது போலும். கம்பி அங்கே போய்த் தயங்கித் தயங்கி நகர்ந்தது. மூன்று அளவு லீடிலும் அந்த இடம் வருகிறது. வரும்போதெல்லாம் விரல் தடுக்கியது.

வேறு யாராக இருந்தாலும் சகித்துக்கொண்டு போயிருப்பார்கள், அல்லது கடையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். சாவிக்காரருக்கு, சிக்கினால் செய்ய வேண்டியது ஒன்றுதான். பூட்டுக்குள் சாவி சிக்கினால் அரத்தால் இரண்டு இழுப்பு. அவர் மூளை யோசிப்பதற்கு முன்னால் கை அரத்தை எடுத்துவிட்டது. கம்பியை ஒதுக்கிவிட்டு, அதற்குக் கீழே, அந்தக் கட்டையின்மேல் இரண்டு இழுப்பு இழுத்தார். விரலால் தடவிப் பார்த்தார். திருப்தியாக இல்லை. இன்னொன்றும் இழுத்தார். ஊதிவிட்டு, கம்பியைப் பழையபடி வைத்து, அழுத்தி, மீட்டினார்.

‘கிர்ர்ர்’ என்றது.

இன்னும் அழுத்தி மீட்டினார். இன்னும் பெரிதாகக் கிர்ர்ர் என்றது. அந்தக் கட்டை இப்போது மற்றவற்றைவிடத் தணிந்துபோய்விட்டதால் கம்பி அடுத்த கட்டையில் போய் உரசியது. அந்த இடத்தில் இருந்த சுரம் அடியோடு காணாமல் போயிருந்தது. ‘சாவி கூடுதலா இருந்தா அராவித் தரலாம், குறைஞ்சா ஒட்ட முடியாது, உலோகம் போனா போனதுதான்’ என்று வருகிறவர்களிடமெல்லாம் படித்துப் படித்துச் சொல்கிற மனிதர். அரத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். வெளியே மச்சினன் ஹாரன் அடித்தான்.

வண்டியில் லீடரம்மா முன்னால் உட்கார்ந்து, பேசாமல், தொண்டையைக் காப்பாற்றிக்கொண்டு வந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். பின்னால் மகளுக்கும் சாவிக்காரருக்கும் நடுவில் பெரிய டிரம். அவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். இதுவே கடைசி என்று நினைத்ததும் கண்ணில் நீர் முட்டியது. தூசி என்று துடைத்துக்கொண்டார்.

விடுதியின் சமையற்கட்டு வழியாகத்தான் சாமான்களை உள்ளே கொண்டுபோகச் சொன்னார்கள். சூப் கொதிக்கிற ஆவிக்கு நடுவே, மகளோடு டிரம்மைத் தூக்கிக்கொண்டு போகையில் அவர் விஷயத்தைச் சொன்னார். அவள் டிரம்மைக் கீழே வைத்துவிட்டாள்.

“எந்த எடம்?”

காட்டினார்.

“எல்லாமே அங்கதானப்பா வருது?”

“அதான்.”

அவளுக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு முகம். உதட்டைக் கடித்துக்கொண்டு, “அப்ப அங்க போகாதீங்க” என்றாள். டிரம்மின் மறுபக்கத்தைத் தூக்கினாள்.

சாப்பாட்டு அறையில் கம்பளம், மீன் தொட்டி, கையலம்பும் இடத்துக்குப் பக்கத்தில் அவர்களுக்கென்று ஒரு மூலை. பாதி மேஜைகளில் ஆட்கள் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு தூணருகே நின்றார். சாவிக்காரர் லீடரம்மாவுக்கு இடப்பக்கம் தம் இடத்தில் போய் நின்றார். முதல் பாட்டும் இரண்டாம் பாட்டும் பழுதில்லாமல் போயின. மூன்றாவது மழைப் பாட்டு. இரண்டாம் சரணத்தின் கடைசி வார்த்தையை நீட்டி முடித்துவிட்டு, லீடரம்மா கூட்டத்தைப் பார்த்தபடியே ஒதுங்கித் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். பாடுகிறவள் கூட்டத்துக்கு முதுகைக் காட்டக் கூடாது என்பது அவள் குழுவின் சட்டம். காய்ச்சலில் பாடியபோதுகூட அவள் அதை மீறியதில்லை.

மேனேஜர் கையைச் சுழற்றினார். அவரைப் பார்த்துக் குழுவுக்குச் சைகை காட்டுவது லீடரம்மாவின் பொறுப்பு, அவள் சாவிக்காரரிடம் விரலைச் சுழற்றினாள். நீட்டு.

சாவிக்காரர் முன்னால் வந்தார். போகக் கூடாது, போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே விரல் டாக்டரின் வழியில் போனது. முதல் வரி நன்றாகவே வந்தது. இரண்டாவது வரியில் நேராகப் போய் அந்த இடத்தில் அழுத்தி வளைத்தது.

கிர்ர்ர்.

ஸ்பீக்கரில் கேட்டபோது, கடையில் கேட்டதைவிடப் பத்து மடங்கு. ஜன்னலோரம் சூப் குடித்துக்கொண்டிருந்தவர் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிமிர்ந்து பார்த்தார். சாவிக்காரர் கையை எடுத்துவிட்டார். கிடார் நின்றுவிட்டது. டிரம்ஸும் பேஸும் மட்டும் போய்க்கொண்டிருந்தன. மச்சினன் கண்ணை அகல விரித்து, சந்தில் விடுங்கள் என்பதுபோல் தலையை ஒரு பக்கமாக ஆட்டினான். சாவிக்காரருக்குக் காது சூடாகி, தலைக்குள் எல்லாம் காலியாகிவிட்டது. சின்னது, நடுத்தரம், பெரியது, ஒன்றும் இல்லை. எல்லாம் அந்த இடத்தின் வழியாகத்தான் போக வேண்டும்.

அதற்குக் கீழே, சேதமில்லாத இடத்தில், ஒரு சுரத்தைத் தொட்டார். அது நன்றாகத்தான் ஒலித்தது. பக்கத்தில் இன்னொன்றைத் தொட்டார். மூன்றாவதாக ஒன்று. நிறுத்தினார். வேண்டுமென்று நிறுத்தவில்லை, அடுத்து எங்கே போவது என்று தெரியவில்லை. அந்த இடைவெளியில் மகள் சின்னதாக ஒரு தட்டுத் தட்டினாள். அது, சரி, அப்புறம் என்று கேட்பதுபோல் இருந்தது. அவர் அதே மூன்றைத் திரும்ப வாசித்தார், கடைசிச் சுரத்தை மட்டும் மாற்றி. மறுபடியும் நிறுத்தினார். மகள் மறுபடியும் கேட்டாள். அவர் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், யாரும் துரத்தவில்லை. கம்பியை வளைத்தார். போக வேண்டிய உயரத்துக்குப் போகாமல் பாதியில் நின்றது. பரவாயில்லை என்று அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, பிறகு மிச்சத்துக்கும் ஏற்றினார். மேஜையில் யாரோ ‘ம்’ என்றார்கள்.

நிமிர்ந்து பார்த்தால், லீடரம்மா திரும்பி நின்றுகொண்டிருந்தாள்.

கூட்டத்துக்கு முழு முதுகையும் காட்டிக்கொண்டு, பாட்டிலைத் திறந்தபடியே கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்துச் சீட்டில் படிக்க முடியாத ஒரு வார்த்தை வந்தால் இப்படித்தான் பார்ப்பாள். தூணருகே மேனேஜர் கையை இறக்கினார். அவள் பார்க்கவில்லை. மறுபடியும் இறக்கினார். கைக்குட்டையை எடுத்து ஆட்டினார். பார்க்க வேண்டியவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் அவர்தான் என்ன செய்வார்? அவள் சைகை வராமல் முடிக்கக் கூடாதென்று சாவிக்காரர் போய்க்கொண்டே இருந்தார். அவருக்கு நிறுத்தவும் மனமில்லை. கடைசியில் மகள்தான் மேனேஜரின் கூத்தைப் பார்த்துவிட்டுத் தடதடவென்று ஓர் உருட்டு உருட்டினாள். சாவிக்காரர் வீட்டுச் சுரத்தைத் தேடி இறங்கி, அவசரத்தில் ஒரு கட்டை முன்னாலேயே இறங்கிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, அங்கிருந்து அப்படியே விரலைச் சறுக்கி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். லீடரம்மா திடுக்கிட்டுத் திரும்பி, பாட்டிலும் கையுமாகவே மூன்றாம் சரணத்தைப் பாடினாள்.

பிறகு மேனேஜர் வந்து, கையைக் காட்டினால் முடிக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தேனே என்றார். தப்பு தன்மேல்தான் என்றாள் லீடரம்மா. அவள் வாயிலிருந்து இந்த வாக்கியம் வந்து குழுவில் யாரும் கேட்டதில்லை. மச்சினன் பேஸ் கிடாரை உறையில் தலைகீழாகப் போட்டுவிட்டான். மேனேஜர் இறுக்கமாகவே, நாளையிலிருந்து வாருங்கள், பார்ப்போம் என்றார். போகும்போது, ஸ்பீக்கரில் ஏதோ கிர்ர் என்று வருகிறது, அதைச் சரிசெய்து கொண்டுவாருங்கள் என்றும் சொன்னார்.

வண்டி பாதி தூரம் வந்திருந்தது. லீடரம்மா முன் இருக்கையிலிருந்து திரும்பாமலே கேட்டாள்.

“அந்தக் கிர்ர்ங்கிறது ஸ்பீக்கர் இல்லல்ல?”

“இல்ல.”

“பின்ன?”

“கம்பி சிக்கிச்சு. அரத்தால ரெண்டு இழுப்பு இழுத்தேன்.” கொஞ்சம் விட்டு, “மூணு” என்றார்.

அவள் தோள் குலுங்குவது பின்னாலிருந்து தெரிந்தது. அழுகிறாளோ என்று பயந்துபோனார். அவள் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்தாள், மறுபடியும் சிரித்தாள். மச்சினன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அவனும் சிரித்தான். எல்லாம் அடங்கியபிறகு, அந்தப் பாங்க்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடு என்று தம்பியிடம் சொன்னாள்.

“பெரமாதமா இருந்துச்சுன்னு நான் சொல்லல” என்றாள் பின்னால் திரும்பி. “ஆனா, அடுத்து என்ன சொல்லப் போறீங்கன்னு கேட்டுக்கிட்டே நிக்கணும்போல இருந்துச்சு.”

சாவிக்காரர் டிரம்மை இறுகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். உள்ளே லீடரம்மா மருந்துக்கடைக்குப் போட்டுக்கொண்டு போகிற வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வேலை செய்யும்போது அவள் முனகுவது வழக்கம்தான். ஆனால் இது அவர்கள் பாடுகிற எந்தப் பாட்டும் இல்லை. மூன்று சுரம், ஒரு நிறுத்தல், மறுபடி அதே மூன்றில் கடைசி மட்டும் மாறி. வாயில் நுரையோடு கதவருகே வந்து நின்றார். கேட்ட மாதிரி இருந்தது. எங்கே கேட்டோம் என்று பிடிபடவில்லை.

“அது எந்தப் பாட்டு?”

“என்ன கேள்வி இது? நேத்து நீங்க வாசிச்சதுதான்.”

“நானா?”

“பின்ன, டாக்டரா?”

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடிப்போய்க் கிடாரை எடுத்துவந்து கட்டிலில் உட்கார்ந்தார். நேற்று வாசித்ததில் ஒன்றுகூட அவருக்கு ஞாபகம் இல்லை. முதல் சுரம் கிடைத்தது, இரண்டாவது நழுவியது. அப்படி இல்லை, கொஞ்சம் மேலே என்றாள் அவள். மேலே போனார். அது அதிகம் என்றாள். யாரும் அதைப் பதிவு செய்யவில்லை. கேட்டுப் பார்க்க அவள் வாயைத் தவிர வேறு இடம் கிடையாது.

“இன்னொரு தடவ பாடு” என்றார்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவருக்கு விரல் எட்டும்படி மெதுவாகப் பாடினாள்.